திருவான்மியூர் மணலில் ஆமை நடை

திருவான்மியூர் கடற்கரைக்கு மாலையில் காற்று வாங்க வருபவர்கள் பலருக்கும், அதே மணலில் நள்ளிரவில் இன்னொரு கூட்டம் நடப்பது தெரியாது. ஜனவரி முதல் நான்கு மாதங்கள், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர் நடை. ஆலிவ் ரிட்லி எனும் பங்குனி ஆமை முட்டையிட்ட இடத்தைத் தேடித்தான் இந்த நடை. நடப்பவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். (அதுதான் தேர்வுக் காலமும் என்பது வேறு விஷயம்!)

இதை முதலில் தொடங்கியவர்கள் மாணவர்கள் அல்ல. 1970களில் சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ராமுலஸ் விட்டேகரும் அவரது நண்பர்களும் இரவில் நடந்து முட்டைகளைச் சேகரித்தார்கள். அப்போது முட்டைகள் மனிதர்களுக்கும் நாய்களுக்கும் உணவாகிக் கொண்டிருந்தன. பிறகு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், அதன்பின் வனத்துறையும் குஞ்சு பொரிப்பகம் நடத்தின. 1980களின் இறுதியில் அதுவும் நின்றுபோனது. 1988-ல் மாணவர்கள் சிலர் சேர்ந்து 'மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பை'த் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர் பின்னாளில் ஆமை ஆராய்ச்சியாளரே ஆனார்.

படிப்பு முடிந்ததும் கலைந்து போகிறவர்கள் மாணவர்கள். ஆனாலும் பெரிய நிறுவனங்கள் விட்ட வேலையை அவர்கள்தான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்கிறார்கள். ஆச்சரியம்தான்!

வேலை எளிது, பொறுமைதான் வேண்டும். ஆமை வந்து போன தடம் டிராக்டர் சக்கரம் ஓடியது போல இருக்கும். தடம் முடியும் இடத்தில் குச்சியால் மெல்லக் குத்திப் பார்ப்பார்கள். மணல் இளகிய இடத்தில் கையால் தோண்டினால் நூறு முட்டைகளுக்கு மேலும் கிடைக்கலாம். அவற்றைப் பையில் எடுத்துப் போய்ப் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைக்கிறார்கள். 45 நாட்களுக்கு மேல் காத்திருக்க வேண்டும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடே தீர்மானிக்கிறது.

முட்டையை இட்ட இடத்திலேயே விட்டால் என்ன? குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கிப் போகும். ஒரு காலத்தில் இரவில் கடல்தான் வெளிச்சமாக இருந்தது. இப்போது தெருவிளக்குகள் பக்கம் ஊர்ந்து, சாலையில் நசுங்கிச் சாகின்றன.

கடலுக்குள் நடப்பதற்கு மாணவர்களிடம் மருந்து இல்லை. ஆமைக்கு நுரையீரல் உண்டு. இழுவலையில் சிக்கினால் மேலே வந்து மூச்சுவிட முடியாது. 2025 ஜனவரியில் சென்னையிலும் அதையொட்டிய கரைகளிலும் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின. முட்டை தேடிப் போனவர்கள் அந்த மாதம் சடலங்களையும் எண்ணிக் குறித்துக் கொண்டே நடந்தார்கள்.