பாவு யாருடையது?

கற்பிட்டியில் ஒரு வீட்டு விறாந்தையில் சின்னத் தறியொன்றைப் பூட்ட எங்களுக்கு முழுநாள் போனது. பாவு மருதமுனையிலிருந்து சுற்றியே வந்திருந்தது. மாட்டினால் முடிஞ்சுது எண்டுதான் நினைத்தோம். அவசரத்தில், நூல்களை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்து வைத்திருக்கும் இரண்டு குச்சிகளில் ஒன்றை உருவிவிட்டோம். இரண்டும் போனால் எந்த நூலுக்குப் பக்கத்தில் எந்த நூல் என்ற ஒழுங்கே கலைந்துவிடும். "மற்றதைத் தொடாதீங்க மகள்!" என்று சத்தம் போட்டார், மருதமுனையில் நெய்து பழகிய ராத்தா. பிறகு விழுதுக் கண்ணில் ஒவ்வொரு நூலாகக் கோத்து, அச்சுப் பல்லில் இழுத்து, முடிச்சுப் போட்டு, இழுவை சரிபார்க்கவே பொழுது சாய்ந்தது.

தறியில் ஒருவர் இருந்து நெய்யலாம். பாவு அப்படியில்லை. நெசவாளர் தெருக்களில் அதை நீளமாக விரித்து, கஞ்சி போட்டு, காய்வதற்குள் இழை ஒட்டாமல் பிரித்தெடுக்கக் குடும்பமே, சிலநேரம் தெருவே இறங்க வேண்டும். பாவு சுற்றும் உருளைகள் வந்தபிறகு ஓரிடத்தில் சுற்றி வேறிடத்தில் நெய்ய முடிந்தது. வேலை மிச்சம், உண்மைதான். ஆனால் நீளம், அகலம், நிறம் எல்லாம் பாவு தருபவர் கையில். நெய்பவருக்குக் கூலி மட்டும். தமிழ்நாட்டில் 1935இல் கோ-ஆப்டெக்ஸ் தொடங்கப்பட்டபோது இருந்த சிக்கலும் இதுதான்: நூலைக் கடன்கொடுத்துத் துணியைத் தங்கள் விலைக்கு எடுக்கும் வியாபாரிகளிடமிருந்து நெசவாளரை எப்படி மீட்பது?

இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த 1970களின் முதற்பாதியில் கைத்தறிக்குச் சந்தை இருந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் மலிவுத் துணி வந்து குவிந்தது. பல இடங்களில் தறிகள் நின்றன. மருதமுனை விடவில்லை. 2004 சுனாமி அங்கே எத்தனையோ தறிகளைச் சிதைத்த பிறகும் நெய்துகொண்டுதான் இருக்கிறது.

கற்பிட்டி வரலாறு என்றால் நாங்கள் படித்தது 1667இல் ஒல்லாந்தர் கட்டத் தொடங்கிய கோட்டை. மிஞ்சினால் 1807இல் இங்கே பிறந்த சைமன் காசிச்செட்டி. அதே ஒல்லாந்தர் வடக்கே மன்னார், யாழ்ப்பாணக் கரைகளில் துணிக்குச் சிவப்பேற்றும் சாயவேரைத் தங்கள் ஏகபோகமாக வைத்திருந்தார்கள். மணலில் குந்தியிருந்து அதைத் தோண்டியவர்களைப் பற்றி எங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு வரி இல்லை. கோட்டைக்கு மட்டும் படம் உண்டு.

தறி பூட்டிய வீடு, 1990 ஒக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் ஒரு குடும்பத்தினுடையது. மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து இந்தக் கரையில் இறங்கியவர்கள். வீட்டுக்கார உம்மா இத்தனை வருடமும் வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலி. தறியைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "இந்த நூல் ஆர்ர?"

சுற்றி அனுப்பியவருடையது என்றோம். "அப்ப இதுவும் கூலிதான்" என்றார். எங்களுக்குப் பதில் வரவில்லை.

இந்தப் பாவு முடியும்போது அச்சில் கிடக்கும் நூலை அறுக்கக்கூடாது, ஒரு சாண் விடவேண்டும் என்று ராத்தா சொல்லியிருக்கிறார். அடுத்த பாவை அந்த நுனிகளோடு பிணைத்தால் திரும்பக் கோக்கத் தேவையில்லை. அந்தப் பாவுக்கான நூலை நாங்கள் சேர்ந்து காசு போட்டு வாங்குவதா, உம்மா பேரில் கடன் எடுப்பதா என்று இன்னும் கதைத்துக்கொண்டிருக்கிறோம்.