உழவு இயந்திரமும் அதன் பின்னே பூட்டியவையும்

உழவு இயந்திரம் என்று நாம் பெயரிட்டு வழங்கினாலும், அந்த இயந்திரம் தானாக உழுவதில்லை. அது இழுக்கும்; தள்ளும்; சுழற்றும். உழுவது அதன் பின்னே பூட்டப்பெற்ற கருவியே. மண்ணைத் தொடுவது கருவியாதலின், மண்ணுக்கு நன்மை செய்வதும் தீமை செய்வதும் பெரும்பாலும் அதுவேயாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே இந்த இயந்திரம் வந்து நிலைத்த வரலாற்றை ஆராய்வோர் இவ்வுண்மையை முதலிலே மனத்திற் கொள்ளுதல் நன்று.

அயர்லாந்திலே பிறந்த ஹரி பேர்கூசன் என்பவரே இத்துறையிற் பெரும் மாறுதலைச் செய்தவர். அவருக்கு முன்னே, குதிரைக்குப் பின்னாற் கட்டிய கலப்பையைப் போலவே இயந்திரத்தின் பின்னாலும் கலப்பை இழுபட்டு வந்தது. கொழு கல்லிலே மாட்டிக்கொண்டால் இயந்திரத்தின் முன்பக்கம் மேலெழுந்து ஓட்டுபவர்மீதே கவிழ்வதும் உண்டு. பேர்கூசன் மூன்று முனைகளாலே கருவியை இயந்திரத்தோடு பிணைத்து, எண்ணெயின் அமுக்கத்தால் அதனை உயர்த்தவும் தாழ்த்தவும் வழி கண்டார். அன்றுமுதல் ஒரே இயந்திரம் பல தொழில்களைச் செய்யலாயிற்று. குளிர்நாட்டுக் கமக்காரர் கோடையிலே கலப்பையைப் பூட்டினர். மாரியிலே அதனைக் கழற்றிவிட்டு, வீதியிற் குவிந்த பனியைத் தள்ளும் அகன்ற இரும்புத் தகட்டைப் பூட்டினர். எவரெஸ்ட் சிகரம் ஏறிய எட்மண்ட் ஹில்லரி 1958ஆம் ஆண்டு ஜனவரி 4ஆந் திகதி தென்துருவத்தை அடைந்தது பேர்கூசன் உழவு இயந்திரங்களிலேயே. பனியிலே புதையாதிருக்கும்பொருட்டு அவற்றின் சில்லுகளைச் சுற்றிச் சங்கிலிப் பட்டைகள் பொருத்தப்பட்டிருந்தன.

அதே பேர்கூசன் வழிவந்த இயந்திரங்கள்தாம் ஏறத்தாழ அதே காலத்திலே நம் நாட்டு வயல்களிலும் இறங்கின. அங்கே பகை பனி. இங்கே பகை சேறு. பனிக்குச் சங்கிலிப் பட்டை பொருத்தியதுபோலச் சேற்றுக்கு இரும்புக் கம்பிகளாலான கூட்டுச் சில்லு பொருத்தப்பட்டது. இரணைமடுக் குளத்து நீர் பாயும் கிளிநொச்சி வயல்களுக்கு அச்சில்லு ஏற்றதாயிருந்தது.

குடாநாட்டின் நிலையோ வேறு. இங்கே வற்றாத ஆறு இல்லை. பெருங்குளப் பாசனமும் இல்லை. தென்மராட்சி முதலிய பகுதிகளிலே நெல் பெரும்பாலும் மழையை நம்பிய பயிர். ஆவணி, புரட்டாதி மாதங்களிலே காய்ந்த நிலத்தைப் புழுதியாக்கி விதைத்து, வடகீழ்ப் பருவமழைக்குக் காத்திருப்பது கமக்காரரின் வழக்கம். புழுதி விதைப்புக்குச் சேற்றுச் சில்லினாற் பயனில்லை. மண்ணைப் புரட்டி அடிமண்ணை மேலே கொணரும் பெருங்கலப்பையும் வேண்டியதில்லை. மேல்மண்ணைக் கீறிப் பொடியாக்கும் ஒன்பது கொழுக் கலப்பையே போதும். ஆகவே அதுவே வழக்கில் நிலைத்தது.

வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களிலே வேறொரு தடை எதிர்ப்பட்டது. அங்கே நிலத்தைப் பரப்புக் கணக்கிலே அளப்பர். பதினாறு பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். நான்கு பரப்பு, ஆறு பரப்பு என்று வேலியடைத்த துண்டுகளுக்கு, கிளுவையும் பூவரசும் நெருங்கிய ஒடுங்கிய ஒழுங்கை வழியே செல்லவேண்டும். நான்கு சில்லு இயந்திரம் உள்ளே நுழைந்தாலும் திரும்ப இடமிராது. இவ்விடத்துக்கு உகந்ததாக அமைந்தது, கையாற் பிடித்து நடத்தும் இருசில்லு இயந்திரம்.

இவ்வகை இயந்திரத்தை நம் நாட்டிற்கேற்ப வடிவமைத்தவர் இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன. 1950களில் அவர் உருவாக்கியதை இங்கிலாந்திலுள்ள லாண்ட்மாஸ்டர் நிறுவனம் உற்பத்தி செய்தது. பின்னர் ஜப்பானிய இயந்திரங்கள் வந்தபோதும், வடபகுதி மக்கள் இருசில்லு இயந்திரம் எதனையும் லாண்ட்மாஸ்டர் என்றே அழைத்தனர். கலப்பையைக் கழற்றிப் பெட்டியைப் பூட்டினால் அது வண்டியாகும். வெங்காயமும் புகையிலையும் சந்தைக்குப் போகும்.

எனினும் எல்லாத் தொழிலையும் அதனிடம் ஒப்படைக்க நம் கமக்காரர் இசையவில்லை. பனையோலையையும் குழைகளையும் ஆழத் தாழ்த்தி மண்ணை வளமாக்குவது குடாநாட்டின் பழைய முறை. அதற்கேற்ற கருவி இயந்திரத்தின் பின்னே இருக்கவில்லை. ஆதலால் மண்வெட்டி தோட்டத்தைவிட்டு நீங்கவில்லை. இதனைப் பழமைப் பற்று என்று இகழ்தல் பொருந்தாது. கருவியைத் தேர்ந்தெடுக்கும் அறிவு என்றே கொள்ளவேண்டும்.

தேர்வு தவறிய இடமும் உண்டு. சூடடிக்கும் களத்திலே, எருதுகள் மிதித்த இடத்தில் நான்கு சில்லு இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டிக் கதிரை மிதிக்கச் செய்தார்கள். கருவிகளைச் சுழற்றுவதற்கென்று இயந்திரத்தின் பின்னே அமைந்த தண்டு பயனின்றிக் கிடக்க, இயந்திரம் வெறும் எருதாகிவிட்டது. அத்தண்டோடு இணைத்து இயக்கும் சூடடி கருவி பிற்காலத்திலேயே பரவியது. விஜேவர்தன அவர்களும் தம் வாழ்வின் பிற்பகுதியில் இக்குறையையே சுட்டிக்காட்டினார். நாம் எருமையை இயந்திரமாக்கினோமேயன்றி வேளாண்மையைத் திருத்தவில்லை என்பது அவர் கொண்ட கருத்து. தாமே படைத்த இயந்திரத்தைத் தாமே ஐயுற்று, மண்ணை உழாமலே பயிரிடும் முறையை ஆராய்ந்தவர் அவர். 2010ஆம் ஆண்டிலே காலமானார்.

போர்க்காலம் இவ்வியந்திரங்களுக்கு எவரும் எண்ணாத வேலைகளைத் தந்தது. 1990இன் பின் எரிபொருளும் உரமும் மின்கலமும் குடாநாட்டுக்கு வருவது தடைப்பட்டபோது, மோட்டார் வண்டிகளைச் சிறிது பெற்றோலிலே தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டும் முறையை மக்கள் கைக்கொண்டனர். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிலே தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, நெல் ஏற்றிய பெட்டிகளிலே முதியோரும் குழந்தைகளும் பாத்திரம் பண்டங்களும் ஏறின. கலப்பை வீட்டுமுற்றத்திலே கிடந்தது. பெட்டி மட்டும் பயணப்பட்டது.

2009இலே போர் முடிந்தபின், உழுவதற்கு முன்னே நிலத்தைத் துப்புரவாக்க வேண்டியிருந்தது. பல்லாண்டு போர்முனையாயிருந்த முகமாலைப் பகுதியிலே கண்ணிவெடிகள் செறிந்து கிடந்தன. அவற்றை அகற்றுவோர் கவசமிட்ட மண் அள்ளும் இயந்திரங்களைப் பயன்படுத்தினர். தோட்டத்து வாரியைப் போன்ற நீண்ட பிடியுடைய வாரியினாலும் மண்ணை மெல்ல மெல்லச் சுரண்டினர். பனியைத் தள்ளுவோர் வீதியைத் திறக்கின்றனர். இவர்கள் மனிதர் கால் வைக்கக்கூடிய நிலத்தையே திறந்தனர்.

இன்று அறுவடை செய்து சூடும் அடிக்கும் பெரிய இயந்திரங்கள் குடாநாட்டு வயல்களிலும் இறங்குகின்றன. அவற்றின் வலிமையைக் கண்டு வியப்பது எளிது. ஆனால், நேயர்களே, எத்தனை குதிரை வலுவென்று கேட்குமுன் வேறு சில வினாக்களைக் கேட்டல் வேண்டும். நம் மண் எத்தனை ஆழமுடையது? நம் நிலம் எத்தனை பரப்பு? நம் ஒழுங்கை எவ்வளவு அகலம்? இவற்றிற்கு விடை கண்டு, பின்னே பூட்டும் கருவியைத் தெரிந்தெடுத்தால் இயந்திரம் நமக்கு உழைக்கும். அவ்வாறு செய்யாவிடின் இயந்திரத்திற்காக நாமும் நம் மண்ணும் உழைக்க நேரிடும்.