சிவப்புப் பொத்தானும் தனிக் கம்பியும்

நமது கல்லூரியில் படித்து வெளியேறிய பலர் இன்று மணலி, எண்ணூர், கும்மிடிப்பூண்டி பக்கத்து ஆலைகளில் பணிபுரிகிறோம். பெரிய ஆலைகளின் கண்ட்ரோல் ரூமுக்குள் நுழைந்தால் வரிசையாகக் கம்ப்யூட்டர் திரைகள். ஓரத்தில் மட்டும் மூடி போட்ட சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கும். "எல்லாம் ஸ்கிரீன்லயே இருக்கே சார், இது எதுக்கு?" என்று ட்ரெய்னியாக வரும் தம்பிகள் கேட்பது வழக்கம். நியாயமான கேள்விதான். பதில் நூறாண்டு வரலாற்றில் இருக்கிறது.

கதையை பாய்லரிலிருந்து தொடங்கலாம். 1923-ல் இந்திய பாய்லர் சட்டமும், 1950-ல் அதன் ஒழுங்குமுறைகளும் வந்தன. 2025-ல்தான் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய சட்டம் வந்தது. பாய்லருக்கு இரண்டு சேஃப்டி வால்வு, நீர்மட்டம் பார்க்க இரண்டு வழி என்று அந்த ஒழுங்குமுறைகள் கேட்டன. ஒன்று ஏமாற்றினாலும் மற்றொன்று காப்பாற்ற வேண்டும் என்பதே அதன் பொருள்.

மெட்ராஸ் ரிஃபைனரீஸ் 1965-ல் உருவாகி, 1969-ல் மணலியில் எண்ணெய் சுத்திகரிக்கத் தொடங்கியது. அந்தக் காலத்து ஆலைகளில் கண்ட்ரோலுக்குக் காற்றழுத்தக் கருவிகள், பாதுகாப்புக்கு ரிலே பேனல் என்பதே உலக வழக்கம். ஒவ்வொரு டிரிப்புக்கும் தனிக் கம்பி. அதில் எப்போதும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த மின்சாரம்தான் வால்வைத் திறந்து பிடித்திருக்கும். கம்பி அறுந்தாலும் கரண்ட் போனாலும் வால்வு தானே மூடிக்கொள்ளும். கெட்டுப்போனாலும் நல்ல பக்கமாகவே கெட வேண்டும். இதைவிட அழகான பொறியியல் தத்துவம் எனக்குத் தெரிந்து இல்லை.

அதே 1969-ல் அமெரிக்காவில் மோடிகான் 084 என்ற முதல் பி.எல்.சி. வந்தது. 1975-ல் ஹனிவெல், யோகோகாவா நிறுவனங்களின் டி.சி.எஸ். வந்தது. சுவர் நீளத்துக்கு இருந்த பேனல் மேசைக்குள் அடங்கிவிட்டது. உடனே ஒரு கேள்வியும் எழுந்தது: ஆலையை ஓட்டுகிற பெட்டியே ஆலையைக் காப்பாற்றவும் செய்யலாமா? 2003-ல் வெளிவந்த ஐ.இ.சி. 61511 தரநிலை, இரண்டையும் பிரித்து வைக்கவே வலியுறுத்துகிறது. இன்று பாதுகாப்புக்கென்றே தனிக் கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டன. ஆனாலும் சிவப்புப் பொத்தானிலிருந்து மென்பொருளைத் தொடாமல் நேரே வால்வுக்கோ மோட்டாருக்கோ போகும் கம்பியைப் பல ஆலைகள் விடவில்லை.

தனிக் கம்பி என்றால் தனி வழியிலும் போக வேண்டும். 1993 மார்ச் 31 அன்று உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையத்தில் டர்பைன் பிளேடுகள் உடைந்து தீப்பிடித்தது. பிரதான மின்கம்பிகளும் மாற்று மின்கம்பிகளும் சேர்ந்தே எரிந்துபோனதால் நிலையம் இருண்டது. ஊழியர்கள் டார்ச் விளக்கோடு ஏறிப்போய், கையால் வால்வுகளைத் திறந்து போரான் கரைசலை உலைக்குள் விட்டார்கள். இரண்டு கம்பிகள் ஒரே வழியில் போனால், தீக்கு அவை ஒரே கம்பிதான்.

தனிக் கம்பி இருந்தால் மட்டும் போதுமா? 2005 டிசம்பர் 11 அன்று இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் பெட்ரோல் டேங்க் ஒன்று நிரம்பிக்கொண்டிருந்தது. மட்டம் காட்டும் கருவி நடுவில் சிக்கி நின்றுவிட்டது. அதற்காகவே வைத்திருந்த தனி ஸ்விட்சும் வேலை செய்யவில்லை. அதன் சோதனைக் கைப்பிடியைச் சரியான நிலையில் பூட்டி வைக்க வேண்டிய சிறு பூட்டு மாட்டப்படவில்லை. பெட்ரோல் வழிந்து, ஆவி பரவி, வெடித்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்.

1984 டிசம்பரில் போபாலிலும் பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. குளிரூட்டும் அமைப்பு நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரிக்கும் கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டிருந்தது. அந்தத் துயரத்துக்குப் பிறகே 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் அபாயகரமான தொழில்களுக்கென்று தனி அத்தியாயம் சேர்ந்தது.

கம்ப்யூட்டரை மட்டும் நம்பலாமா என்பதற்கு 2017 பதில் சொன்னது. சவூதி அரேபியாவில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையின் பாதுகாப்புக் கம்ப்யூட்டருக்குள்ளேயே டிரைட்டன் என்ற தீய மென்பொருள் புகுந்தது. கம்ப்யூட்டரின் சாவி புரோகிராம் நிலையில் விடப்பட்டிருந்தது வந்தவர்களுக்கு வசதியாகிவிட்டது. நல்லவேளை, கம்ப்யூட்டர் தடுமாறி ஆலையை நிறுத்திவிட்டது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வருவோம். இங்கே இரும்பு உருக்கும் இண்டக்ஷன் ஃபர்னஸ்கள் உண்டு. அதன் செம்புக் காயிலுக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்ட் போய் பம்ப் நின்றால், உயரத்தில் இருக்கும் தொட்டியிலிருந்து தண்ணீர் தானாக இறங்கிவரும். அதற்கு மென்பொருள் வேண்டாம், புவியீர்ப்பு போதும். ஆனால் அந்தத் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டும்!

படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். நாளை நீங்கள் வேலைக்குப் போகும் இடத்தில், "அடிக்கடி டிரிப் ஆகுது, புரொடக்ஷன் போகுது, ஒரு ஜம்பர் போட்டு விடுங்க" என்று யாராவது சொல்வார்கள். போடுவதற்கு ஒரு நிமிடம் போதும். யார் அனுமதித்தது, எத்தனை மணிக்குக் கழற்றுவது, அதுவரை யார் கண்காணிப்பது என்று எழுத்தில் கேளுங்கள். ஆலைச் சுவருக்கு வெளியே ஊர்கள் இருக்கின்றன. அங்கே தூங்கிக்கொண்டிருப்பவர்களுக்கு ஜம்பர் என்றால் என்னவென்று தெரியாது.