கிளவுட்பெர்ரி: சதுப்பு நிலத்துப் பழமும் பறிக்கும் உரிமையும்

நார்வே நாட்டின் 1902ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தின் 400ஆம் பிரிவு ஒரு காட்டுப்பழத்தைத் தனியாகக் குறிப்பிட்டது. பயிரிடாத நிலத்தில் தானாக விளையும் பழத்தை யாரும் பறித்துக்கொள்ளலாம் என்பது அந்நாட்டின் பழைய வழக்கம்; அந்தப் பிரிவும் அதை ஏற்றது. ஆனால் நூர்லான், ட்ரோம்ஸ், ஃபின்மார்க் ஆகிய வட மாவட்டங்களில் கிளவுட்பெர்ரி விளையும் நிலத்துக்கு மட்டும் விதிவிலக்கு வைத்தது. நிலத்துக்குரியவர் வெளிப்படையாகத் தடுத்திருந்தால் அங்கே பறிப்பது குற்றம். பறித்த பழத்தை அங்கேயே நின்று தின்றுவிட்டால் குற்றமில்லை. இந்த ஏற்பாடு திறந்தவெளி உரிமைச் சட்டத்துக்கு மாற்றப்பட்டு இன்றும் நடப்பில் இருக்கிறது.

இந்தப் பழத்துக்கு மட்டும் ஏன் இத்தனை காவல்? நல்ல விலை போகும் என்பது பாதி விடைதான். எந்த ஆண்டு எவ்வளவு காய்க்கும் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாத செடி இது. கிளவுட்பெர்ரியைச் சுற்றி வளர்ந்த வழக்கம், வணிகம், சட்டம் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்வி ஓடுகிறது: காய்க்காமல் போகும் ஆண்டின் இழப்பு யார் தலையில் விழுவது? இதன் வரலாற்றை நகர்த்தியது அந்தக் கேள்விதான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

செடியிலிருந்து தொடங்க வேண்டும். லின்னேயஸ் 1753இல் இதற்கு ரூபஸ் கேமிமோரஸ் என்று பெயரிட்டார். ராஸ்பெர்ரியின் பேரினம்தான், ஆனால் முள் கிடையாது, உயரமும் ஏறத்தாழ ஒரு சாண்தான். வடதுருவத்தை ஒட்டிய ஸ்காண்டிநேவியா, ரஷ்யா, அலாஸ்கா, கனடா ஆகிய பகுதிகளின் புளிப்பேறிய கரிச்சதுப்புகளில் வளர்கிறது. தண்டுக்கு ஒரு வெள்ளைப் பூ, பூவுக்கு ஒரு பழம். காயாக இருக்கும்போது சிவந்திருந்து, கனிந்த பிறகு தேன் நிறத்துக்கு வெளுக்கும். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மண்ணுக்குள் ஓடும் கிழங்குத்தண்டு வழியாகவே பெரும்பாலும் பெருகுவதால், ஒரே செடி பெரும்பரப்பைப் பிடித்துக்கொள்ளும். அது ஆணாக இருந்துவிட்டால் அந்தச் சதுப்பில் பூக்கள் நிறைந்திருக்கும், பழம் இருக்காது. குளிர்காலத்தில் உறைநிலைக்குக் கீழே 40 டிகிரியையும் தாங்கும் இந்தச் செடி, பூத்த பிறகு விழும் ஒரே ஓர் இரவு உறைபனியில் அந்த ஆண்டுக் காய்ப்பை முழுவதும் இழந்துவிடும். பூக்கும் நாட்களில் மழையும் காற்றுமாக இருந்தால் பூச்சிகள் வருவதில்லை. மகரந்தம் ஆண் பூவிலிருந்து பெண் பூவுக்குப் போய்ச் சேராது. இத்தனையும் கூடிவந்த ஆண்டில்தான் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டு வரை சில வாரங்களுக்குப் பழம் கிடைக்கும்.

ஆனால் கிடைத்த பழம் எளிதில் கெடாது. பென்சாயிக் அமிலம் இதில் இயற்கையாகவே நிறைந்திருக்கிறது. இன்று உணவுத் தொழிற்சாலைகள் பதப்படுத்தலுக்குச் சேர்க்கும் அதே அமிலம்தான். சர்க்கரை எட்டாத விலையில் இருந்த காலத்திலும் வடக்கின் மக்கள் பழத்தை அதன் சாற்றிலேயே மூழ்கவைத்து, மரப்பீப்பாயில் அடைத்துக் குளிர்ந்த இடத்தில் வைத்துவிடுவார்கள். குளிர்காலம் முழுக்க இருக்கும். கலைமான் மேய்க்கும் சாமி மக்கள் கலைமான் பாலோடு சேர்த்து உண்டார்கள். அலாஸ்காவின் யூபிக் மக்கள் கொழுப்போடு குழைத்து அகுடாக் என்னும் விருந்துணவு செய்கிறார்கள். காய்கறி முளைக்காத நிலத்தில், சூரியன் தலைகாட்டாத மாதங்களில், இந்தப் பீப்பாய் ஒரு குடும்பத்துக்கு என்னவாக இருந்திருக்கும் என்பதை அதன் வைட்டமின் சி அளவிலிருந்து உணரலாம்: எடைக்கு எடை ஆரஞ்சைவிடக் கூடுதலாகவே இருக்கிறது.

வைட்டமின் என்ற கருத்தே பிறக்காத காலத்தில் இந்தப் பயனை வடக்கத்தியர் அறிந்திருந்தனர் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஈறு வீங்கி, பல் ஆடி, உடல் தளர்ந்து மாலுமிகள் மடிந்த ஸ்கர்வி நோய்க்குக் கிளவுட்பெர்ரி அங்கே கைகண்ட மருந்து. 1799இல் லாப்லாந்துப் பகுதியில் பயணம் செய்த ஆங்கிலேயர் எட்வர்ட் டேனியல் கிளார்க், கடும் காய்ச்சலிலிருந்து தம்மை மீட்டது இந்தப் பழமே என்று தம் பயண நூலில் பதிவு செய்திருக்கிறார். 1878இல் வடகிழக்குக் கடல்வழியைத் தேடிப் புறப்பட்ட ஆய்வுப்பயணி நோர்டன்ஷோல்டின் ‘வேகா’ கப்பலிலும் ஸ்கர்விக்கு எதிரான உணவாகக் கிளவுட்பெர்ரி ஏற்றப்பட்டிருந்தது. சைபீரியக் கரையோரப் பனியில் சிக்கி ஒரு முழுக் குளிர்காலத்தைக் கழித்தும் அந்தக் கப்பலில் ஒருவருக்கும் ஸ்கர்வி வரவில்லை. 1907இல் நார்வேயின் ஆக்செல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் இருவரும் கினி எலிகளைக் கொண்டு, இந்நோய் உணவுக் குறையால் வருவது என்று காட்டினர். மருத்துவ வரலாறு அவர்களிடமிருந்து தொடங்குவது வழக்கம். பீப்பாய் நிரப்பிய பெண்களின் அறிவுக்கும் அதில் ஒரு பக்கம் ஒதுக்குவதே முறை.

மருந்தாகவும் சேமிப்பாகவும் இருந்த பழம் வீட்டைத் தாண்டிப் பண்டமாகவும் போயிற்று. வட ஸ்வீடனிலிருந்து ஸ்டாக்ஹோமுக்குப் பீப்பாய்களில் சென்றது. ரஷ்ய மேட்டுக்குடி மேசைகளிலும் இடம்பெற்றது. 1837இல் துப்பாக்கிச் சண்டையில் காயம்பட்டு மரணப்படுக்கையில் கிடந்த கவிஞர் புஷ்கின் கடைசியாகக் கேட்டு வாங்கி உண்டது ஊறவைத்த கிளவுட்பெர்ரியைத்தான். இன்று நார்வேயில் கிறிஸ்துமஸ் விருந்தில் அடித்த பாலாடையோடும், பின்லாந்தில் சுட்ட பாலாடைக்கட்டியோடும் பரிமாறப்படுகிறது. பின்லாந்தின் 2 யூரோ நாணயத்திலும் இதன் பூவும் பழமும் பொறிக்கப்பட்டுள்ளன.

விலை ஏற ஏறப் பறிப்பதில் போட்டி முற்றியது. நல்ல சதுப்பு எங்கே இருக்கிறது என்பதைக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வெளியே சொல்வதில்லை. இந்தப் போட்டியால் ஒரு கேடும் வந்தது. கனியும்வரை காத்திருந்தால் அடுத்தவர் முந்திக்கொள்வார் என்ற அச்சத்தில் செங்காயையே பறிக்கத் தொடங்கினர். புல்லிதழ்கள் இறுக மூடியிருக்கும் அந்தக் காயைப் பிடுங்கினால் சுவையும் போகும், விதை பரவுவதும் நிற்கும். 1970இல் நார்வே நாடாளுமன்றம் வட மாவட்டங்களில் கனியாத கிளவுட்பெர்ரியைப் பறிப்பதற்கு எதிராகவே ஒரு சட்டம் இயற்றியது. பிற்பாடு அது நீக்கப்பட்டது. ஊர்க் கட்டுப்பாடு தளர்ந்த இடத்தை அரசுச் சட்டம் நிரப்ப முயன்ற முயற்சியாகவே அதைப் பார்க்கிறேன்.

தோட்டப் பயிராக்கிவிட்டால் சண்டை தீருமே என்ற யோசனையும் வந்தது. நார்வே ஆய்வாளர்கள் காட்டுச் செடிகளிலிருந்து ‘ஃபியெல்குல்’, ‘ஃபியூர்குல்’ என்ற பெண் வகைகளையும் ‘அபோலன்’, ‘அபோல்டோ’ என்ற ஆண் வகைகளையும் தேர்ந்தெடுத்துத் தந்தனர். பின்லாந்தில் ஆண், பெண் உறுப்புகள் ஒரே பூவில் அமைந்த ‘நிபி’ என்ற வகை கிடைத்தது. பலன் இருந்தது, ஆனால் சந்தையை மாற்றுமளவுக்கு இல்லை. மெதுவாகப் பரவும் கிழங்குத்தண்டும் பூக்கும் காலத்து உறைபனியும் தோட்டத்திலும் பின்தொடர்ந்தன. இன்றும் சந்தைக்கு வரும் பழத்தில் பெரும்பங்கு குனிந்து, ஒவ்வொன்றாக, கையால் காட்டில் பறித்ததே.

எனவே கேள்வி மறுபடியும் உரிமைக்குத் திரும்பியது. நார்வேயின் 2005ஆம் ஆண்டு ஃபின்மார்க் சட்டம் அம்மாவட்டத்தின் சுமார் 95 விழுக்காடு நிலத்தை அரசிடமிருந்து எடுத்து, சாமி நாடாளுமன்றமும் மாவட்ட மன்றமும் உறுப்பினர்களை நியமிக்கும் அமைப்பிடம் ஒப்படைத்தது. அந்த நிலத்தில் கிளவுட்பெர்ரி பறிக்கும் உரிமை மாவட்டவாசிகளுக்கு. வெளியிலிருந்து வருபவர்கள் தங்கள் வீட்டுத் தேவைக்கு மட்டும் பறிக்கலாம். உரிமைக்கு அடிப்படை குருதியன்று, குடியிருப்பு. 1980களில் ஃபின்மார்க் கரையோர மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்த ஈழத் தமிழர் பலர். அங்கேயே வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு இந்தச் சட்டம் தரும் உரிமை, ஓஸ்லோவில் பிறந்து அங்கேயே வாழும் நார்வேஜியருக்குக் கிடையாது. பழங்குடியினரின் நீண்ட போராட்டத்தில் விளைந்த ஒரு சட்டம் வந்து குடியேறியவரையும் மாவட்டத்தவராக எண்ணியது பெரிய செய்தி என்றே கருதுகிறேன்.

ஸ்வீடனிலும் பின்லாந்திலும் கதை வேறு திசையில் போயிற்று. அங்கே யாரும் பறிக்கலாம் என்ற பொதுவுரிமையின் மேல் பழ வணிகம் எழுந்தது. உள்ளூரார் பறிப்பதைக் குறைத்துக்கொண்டபோது தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியான ஈசானிலிருந்து நெல் விவசாயிகள் பருவந்தோறும் வந்தனர். பின்லாந்துக்கு அவர்கள் அமைப்பாக வரத் தொடங்கியதும் 2005 வாக்கில்தான். கிளவுட்பெர்ரியில் தொடங்கும் பருவம் பில்பெர்ரி, லிங்கன்பெர்ரி என்று இலையுதிர்காலம் வரை நீளும். பின்லாந்தில் அவர்கள் தொழிலாளர்களாகக் கருதப்படவில்லை. பொதுவுரிமையின்படி தாமே பறித்துத் தாமே விற்பவர்கள் என்று எண்ணப்பட்டனர். விமானக் கட்டணத்துக்குக் கடன் வாங்கி வந்தவர்கள், பழம் குறைந்த ஆண்டில் கடனோடு ஊர் திரும்பினர். உறைபனி பூவைக் கருக்கினால், அந்த இழப்பு ஈசான் பகுதியிலுள்ள ஒரு நெல்வயலின் அடமானமாக மாறியது. மனிதக் கடத்தல் குற்றச்சாட்டுகளும் வழக்குகளும் எழுந்த பின் பின்லாந்து 2024இல் தாய்லாந்துப் பறிப்பவர்களுக்கு விசா தரவில்லை. 2025 முதல் வெளிநாட்டிலிருந்து அழைத்து வருவோரை வேலை ஒப்பந்தத்தில், கூலி கொடுத்துத்தான் வைத்துக்கொள்ள முடியும். காய்க்காத ஆண்டின் சுமை பறிப்பவரின் தோளிலிருந்து பழத்தை வாங்கி விற்பவரின் கணக்குக்கு மாற, இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.