மொபைல் விளையாட்டு வடிவமைப்பில் ஆடுவோர் கருத்தாய்வு: ஒரு வரலாற்று நோக்கு

விளையாட்டை ஆடுபவரிடமே கேட்டு அதைத் திருத்தும் வழக்கம் கைபேசிக்கு முன்பே தோன்றியது. நாணயம் போட்டு ஆடும் இயந்திரங்களைத் தயாரித்த அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் 1970களில் கேரல் கேண்டர் என்பவரைச் சந்தை ஆய்வுக்கென்றே அமர்த்தியது. ஒரு புதிய இயந்திரம் தேறுமா தேறாதா என்பதை அதன் காசுப் பெட்டியில் விழுந்த நாணயங்களே சொல்லிவந்த காலம் அது. கேண்டர் ஆடுவோரை நேரில் கவனித்தார், கேள்விகள் கேட்டார், சிறு குழுக்களாக உட்காரவைத்துப் பேசவைத்தார். எத்தனை பேர் ஆடினார்கள் என்பதைக் காசுப் பெட்டி சொல்லிவிடும். ஒருமுறை ஆடியவர் ஏன் இரண்டாவது நாணயத்தைப் போடாமல் நகர்ந்தார் என்பதை அவரிடமே கேட்டாக வேண்டும். எண்ணிக் கணக்கெடுக்கும் முறையும் கேட்டு அறியும் முறையும் இப்படி அன்றே தனித்தனியாகப் பிரிந்து நின்றன.

இணைய விளையாட்டுகளில் இந்தக் கேள்வியைக் கோட்பாடாக வளர்த்தவர் இங்கிலாந்தின் ரிச்சர்ட் பார்ட்டில். எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978இல் ராய் ட்ரப்ஷா தொடங்கிய, பலர் ஒரே நேரத்தில் ஆடும் எழுத்துவழி விளையாட்டை அவருடன் சேர்ந்து உருவாக்கியவர் இவர். அதே வகையைச் சேர்ந்த ஒரு வணிக விளையாட்டின் மூத்த ஆட்டக்காரர்கள், 1989 இறுதியிலிருந்து 1990 மே வரை, "மக்கள் இதில் எதை எதிர்பார்க்கிறார்கள்?" என்று தங்களுக்குள் விவாதித்தார்கள். முனைப்பாகப் பேசியவர்கள் ஏறத்தாழ 15 பேர். இடையிடையே கருத்துச் சொன்னவர்கள் இன்னும் 15 பேர் இருக்கலாம். அந்த விவாதத்தைத் தொகுத்த பார்ட்டில், 1996இல் வெளியிட்ட கட்டுரையில் ஆடுவோரைச் சாதிப்பவர், தேடிப் பார்ப்பவர், பழகுபவர், பிறரைத் தாக்குபவர் என நான்காக வகுத்தார். பின்னாளில் உலகெங்கும் வடிவமைப்பாளர்கள் மேற்கோள் காட்டிய ஒரு பாகுபாடு, முப்பது பேரின் பேச்சிலிருந்து பிறந்தது. கூர்ந்து கேட்டால் சிறு குழுவும் எவ்வளவோ தரும் என்பதற்கு இது சான்று. ஆனால் அந்த முப்பது பேரும் விளையாட்டில் ஊறிப்போனவர்கள்; அன்று காலைதான் நுழைந்த புதியவரின் குரல் அதில் இல்லை.

இந்தக் குறையை எண்ணிக்கையால் நிரப்ப முயன்றவர் ஆய்வாளர் நிக் யீ. பார்ட்டிலின் நான்கு வகைகளும் ஒன்றையொன்று விலக்குபவைதாமா என்று எவரும் சோதிக்கவில்லை என்பது அவருடைய வாதம். இணையப் பெருவிளையாட்டுகளை ஆடும் சுமார் 3,000 பேரிடம் 40 கேள்விகள் கேட்டு, எந்த விடைகள் சேர்ந்தே வருகின்றன என்று பார்க்கும் காரணி ஆய்வுக்கு அவற்றை உட்படுத்தி, முடிவுகளை 2006இல் வெளியிட்டார். சாதனை, பழக்கம், தோய்வு என்ற மூன்று பெரும் பிரிவுகளும் அவற்றுக்குள் 10 கூறுகளும் தெரியவந்தன. ஒருவரே வெற்றியையும் விரும்பலாம், நட்பையும் நாடலாம். மனிதரை ஏதாவது ஒரு பெட்டிக்குள் அடைக்காமல், ஒவ்வொரு விருப்பும் அவரிடம் எந்த அளவில் இருக்கிறது என்று அளக்கும் முறை இதன் பிறகு வலுப்பெற்றது.

கேட்பதையும் கணக்கிடுவதையும் ஒரே ஆய்வில் இணைத்த முயற்சி மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் நடந்தது. அதன் ஆய்வாளர்கள் 2008இல் விளக்கிய முறையை 'ஹேலோ 2' விளையாட்டில் ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தார்கள். ஆடுபவர் எங்கே, எதனால் சாகிறார் என்பதைக் கணினி தானாகவே பதிவுசெய்யும். இடையிடையே ஆட்டம் நின்று, இந்தக் கட்டம் எவ்வளவு கடினமாக இருக்கிறது என்ற கேள்வி திரையில் வரும். ஒரு குறிப்பிட்ட மோதலில் பலர் திரும்பத் திரும்ப மடிந்ததைப் பதிவு காட்டியது. அது ஆடுவோரைச் சலிக்க வைக்கிறது என்பதை விடைகள் காட்டின. பதிவான காணொளியை ஓட்டிப் பார்த்தபோது, எதிரி வீசும் கையெறி குண்டே காரணம் என்று புரிந்தது. மோதலைத் திருத்திய பின் சாவும் குறைந்தது, புகாரும் குறைந்தது. பதிவேடு மட்டும் இருந்திருந்தால், ஆடுவோர் அந்தக் கடுமையை ரசித்தார்களா வெறுத்தார்களா என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

மொபைல் விளையாட்டின் தொடக்கக் காலம் இதற்கு நேர்மாறானது. நோக்கியா 6110 கைபேசியில் 1997இல் வந்த பாம்பு விளையாட்டு கைபேசியோடு சேர்ந்தே விற்றது. ஆடுபவருக்கும் உருவாக்கியவருக்கும் இடையே தொடர்பு எதுவும் இல்லை. பின்னர் விளையாட்டுகளைத் தரவிறக்கும் வசதி வந்தபோதும் விற்பனை வாசல் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் கையில் இருந்தது. உருவாக்கியவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் தரவிறக்க எண்ணிக்கை மட்டுமே. 2003இல் வெளிவந்த நோக்கியா என்-கேஜ் கருவியில் விளையாட்டு அட்டையை மாற்ற வேண்டுமானால் பேட்டரியைக் கழற்ற வேண்டும். அழைப்பில் பேசக் கருவியின் விளிம்பைக் காதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆடுபவர் கையில் கொடுத்து அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே தென்படக்கூடிய குறைகள் இவை. அடுத்த ஆண்டே வந்த மறுவடிவத்தில் இரண்டும் நீக்கப்பட்டன.

ஆப்பிளின் ஆப் ஸ்டோர் 2008 ஜூலையில் திறந்தது. 2009 அக்டோபரில் இலவசச் செயலிகளுக்குள்ளேயே பொருள் விற்கும் அனுமதியும் கிடைத்தது. விளையாட்டு இலவசம், உள்ளே சிலர் மட்டும் பணம் கட்டுவார்கள் என்ற வணிகமுறையில், முதல் நாள் வந்தவர் மறுநாள் திரும்புகிறாரா, ஏழாம் நாளும் இருக்கிறாரா என்பதே உயிர்நாடியானது. ஒவ்வொரு தொடுகையும் சர்வருக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு பொத்தான் வடிவங்களை இரண்டு கூட்டத்தாருக்குக் காட்டி எது அதிகம் அழுத்தப்படுகிறது என்று பார்க்கும் சோதனை அன்றாட வேலையானது. இவ்வளவு எண்கள் கையில் இருக்கும்போது ஆடுபவரைக் கேட்பானேன் என்ற எண்ணம் துறையில் பரவியது. அது பெரிய பிழை. மறுநாள் திரும்பியவர் மகிழ்ச்சியோடு வந்தாரா, வராவிட்டால் பரிசு போய்விடுமே என்ற பதைப்பில் வந்தாரா என்பதை எண் பிரித்துச் சொல்லாது.

இதே காலத்தில் கருத்தாய்வு வேறொரு வாசல் வழியாக உள்ளே வந்தது. சமூக வலைத்தளங்களில் ஆடுவோரைப் பற்றி பாப்கேப் நிறுவனம் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடத்தச் செய்த ஆய்வின் முடிவுகள் 2010இல் வெளியாயின. அவர்களில் 55 விழுக்காட்டினர் பெண்கள், சராசரி வயது 43. ஆடுபவர் என்றாலே இளைஞன் என்று எண்ணிக்கொண்டிருந்த துறைக்கு இது அதிர்ச்சி. நிக் யீயும் நிக்கோலா டூஷனோவும் 2015இல் தொடங்கிய குவான்டிக் ஃபவுண்ட்ரி நிறுவனம் இந்தப் பாதையை விரிவாக்கியது. அதன் வினாத்தாள் 12 விருப்புகளை அளக்கிறது. 2,70,000க்கும் மேற்பட்டோரின் விடைகளைக் கொண்டு 2017இல் வெளியான பகுப்பாய்வில், ஒரே நிறத்து மூன்றை இணைக்கும் புதிர்களையும் பண்ணை விளையாட்டுகளையும் விரும்புவோரில் 69 விழுக்காட்டினர் பெண்கள். கால்பந்து போன்ற திடல் விளையாட்டு வகையில் அது 2 விழுக்காடு மட்டுமே. வயது ஏற ஏற, பிறரை வெல்லும் ஆசை மற்ற விருப்புகளைக் காட்டிலும் வேகமாகக் குறைகிறது என்பதும் அந்நிறுவனத்தின் தரவில் தெரிகிறது. நடுவயதினரை நோக்கிய புதிரில் தரவரிசைப் பட்டியலை முகப்பில் வைக்கலாமா என்ற மிகச் சிறிய வடிவமைப்புக் கேள்விக்கும் இதில் விடை இருக்கிறது. ஆனால் இவர்கள் தாமாகவே முன்வந்து வினாத்தாளை நிரப்பியவர்கள். பேருந்தில் பத்து நிமிடம் ஆடிவிட்டு மறந்துவிடுபவர் இத்தகைய வினாத்தாளைத் தேடிப் போவதில்லை.

சோதனை வெளியீடு என்ற வழக்கமும் மொபைல் துறையில் ஊன்றியது. ஒரு சிறிய சந்தையில் முதலில் வெளியிட்டு, ஆடுவோரின் எதிர்வினையைப் பார்த்துத் திருத்திய பின் உலகுக்குத் தருவது இம்முறை. பின்லாந்தின் சூப்பர்செல் நிறுவனம் 'பிரால் ஸ்டார்ஸ்' விளையாட்டை 2017 ஜூனில் கனடாவில் வெளியிட்டபோது, கைபேசியை நெடுவாக்கில் பிடித்து ஆட வேண்டியிருந்தது. 2018 டிசம்பரில் உலகெங்கும் வந்தபோது அது கிடைவாக்கில் ஆடும் விளையாட்டாக மாறியிருந்தது. இதே நிறுவனத்தின் 'ஸ்மாஷ் லேண்ட்' சோதனை வெளியீட்டோடு 2015இல் கைவிடப்பட்டது.

கைபேசித் திரையில் கேள்வி கேட்பதற்கென்று தனி நுணுக்கங்கள் உண்டு. கட்டைவிரல் ஒன்றே எழுதுகோல். எனவே ஒரு திரைக்கு ஒரு கேள்விதான் பொருந்தும். தோற்ற உடனே கேட்டால் கோபம் பதிலாக வரும், வென்ற உடனே கேட்டால் பெருமிதம் வரும். பதிலுக்குத் தங்கக் காசு தருவதாகச் சொன்னால் படிக்காமலே அழுத்துவோர் பெருகுவார்கள். "இப்படி ஒரு விளையாட்டு வந்தால் ஆடுவீர்களா?" என்ற கேள்விக்கு ஆம் சொல்ல எவருக்கும் செலவில்லை, "கடைசியாக எந்த விளையாட்டை நீக்கினீர்கள், அன்று என்ன நடந்தது?" என்று கேட்டால் நடந்தது வெளியே வரும். மொழிபெயர்ப்பிலும் கவனம் தேவை. ஐந்து படிகள் கொண்ட அளவுகோலின் நடுப்படிக்குத் தமிழில் 'பரவாயில்லை' என்று எழுதினால், ஒருவர் அதைப் பாராட்டாகப் படிப்பார், இன்னொருவர் சகித்துக்கொள்வதாகப் படிப்பார். அந்த விடைகளின் சராசரி எதையும் குறிக்காது.

நினைவும் நம்பத்தக்கதன்று. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு விளையாட்டுகளை ஆடிய 3,274 பேரின் விடைகளை நிறுவனங்கள் தந்த உண்மையான ஆட்டநேரப் பதிவோடு ஒப்பிட்டார்கள். அவை கைபேசி விளையாட்டுகள் அல்ல. ஆனாலும் பாடம் பொருந்தும். ஆடுவோர் சராசரியாகத் தாம் ஆடிய நேரத்தைக் கூட்டியே சொன்னார்கள். எவ்வளவு, எத்தனை முறை என்பதைப் பதிவேட்டிடமும், ஏன், எப்படி உணர்ந்தார்கள் என்பதை மனிதரிடமும் கேட்பதே சரியான பிரிவினை.

சொடுக்குகளையே கருத்தாக எடுத்துக்கொண்டால் என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. பல விளம்பர வடிவங்களை வெளியிட்டு, அதிகம் சொடுக்கப்படுவதை மட்டும் வைத்துக்கொள்ளும் பழக்கம் மொபைல் துறையில் வேரூன்றியது. விளைவாக, விளையாட்டுக்குத் தொடர்பே இல்லாத காட்சிகள் விளம்பரங்களாயின. பிளேரிக்ஸ் நிறுவனத்தின் 'ஹோம்ஸ்கேப்ஸ்', 'கார்டன்ஸ்கேப்ஸ்' விளம்பரங்கள் தவறாக வழிநடத்துகின்றன என்று பிரிட்டனின் விளம்பரத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் தீர்ப்பளித்தது.

ஆப்பிள் 2021 ஏப்ரலில் கொண்டுவந்த விதிப்படி, பயனரை வெவ்வேறு செயலிகளுக்கிடையே பின்தொடர அவருடைய அனுமதி வேண்டும். அனுமதி பெறாமல் சேர்த்த தகவல் சுருங்கியதால், நேராகக் கேட்டுப் பெறும் விடைக்கு மதிப்புக் கூடியது. வினாத்தாள்களும் சிறுத்தன. ஆட்ட அனுபவத்தை 30 கேள்விகளால் அளக்கும் ஒரு வினாத்தாளை 2020இல் வெளியிட்ட கல்வித்துறை ஆய்வாளர்கள், 2022இல் அதை 11 கேள்விகளாகச் சுருக்கினார்கள்; கைபேசித் திரைக்கு அந்த அளவு பொருந்தும்.

ஆனால் விளையாட்டுக்குள் தோன்றும் கருத்தாய்வு இன்னும் ஆடிக்கொண்டிருப்பவரை மட்டுமே எட்டும். நீக்கிவிட்டுப் போனவரைக் கண்டுபிடிக்க வெளியிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும், அதற்குச் செலவு ஆகும். அந்தச் செலவைத் திட்டத்தில் சேர்க்காத நிறுவனம் தன் விசுவாசிகளின் விருப்பத்துக்கே விளையாட்டை வடிவமைத்துக்கொண்டிருக்கும். புதியவர் ஏன் நிற்கவில்லை என்பது அதற்குத் தெரியவராது.