குறை யாருக்கு? பி12 பற்றாக்குறையும் முதியோர் மறதியும்

மூளை நலத்துக்கு உகந்த உணவு எது என்ற கேள்விக்கு மருத்துவ உலகம் தந்த அண்மை விடைகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகத்தில் மார்த்தா கிளேர் மோரிஸ் தலைமையிலான குழு 2015இல் 'மைண்ட்' என்ற உணவுமுறையை முன்வைத்தது. கீரை, பெர்ரிப் பழங்கள், கொட்டைகள், முழுதானியம், ஆலிவ் எண்ணெய் ஆகியவை அதில் முதன்மை. அதை நன்கு ஒட்டி உண்ட முதியோருக்கு அல்சைமர் நோய் 53 சதவீதம் குறைவாக வந்ததாக அக்குழு கண்டது. ஆனால் அதே உணவுமுறையைக் குலுக்கல் முறையில் 604 பேரிடம் 3 ஆண்டுகள் சோதித்து 2023இல் முடிவு வெளியானபோது, அறிவாற்றலில் இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஒப்பீட்டுக் குழுவினரும் கலோரியைக் குறைத்தார்கள். இரு குழுவினரும் ஏறத்தாழ 5 கிலோ எடை இழந்தார்கள். இரு குழுவினரின் மதிப்பெண்ணும் சற்று உயர்ந்தது.

இதைக் கொண்டு 'உணவால் பயனில்லை' என்று தீர்ப்பெழுதுவது அவசரம். ஓர் ஊட்டச்சத்தின் பயன் அது குறைந்திருக்கும் உடலில்தான் தெளிவாக வெளிப்படும். குறை உள்ளவரையும் இல்லாதவரையும் ஒன்றாகக் கலந்து சராசரி எடுக்கும் ஆய்வு அந்தப் பயனை மறைத்துவிடும் என்பதே என் வாதம்.

வரலாறு இதற்குச் சான்று தருகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென்மாநில மனநல விடுதிகளில் பெல்லாக்ரா நோயாளிகள் நிறைந்திருந்தார்கள். தோல் வெடிப்பு, வயிற்றுப்போக்கு, முடிவில் மனம் குழம்பி நினைவழிதல் என்பது அந்நோயின் போக்கு. அது தொற்றுநோய் என்றே பலரும் நம்பினார்கள். ஜோசப் கோல்ட்பெர்கர் 1914 முதல் அந்த நம்பிக்கையை எதிர்த்தார். ஆதரவற்றோர் இல்லங்களிலும் மனநல விடுதியிலும் பால், முட்டை, இறைச்சி, பருப்பு சேர்த்ததும் நோய் விலகியதைக் காட்டினார். குறைந்திருந்த பொருள் நியாசின் என்பது 1937க்குப் பிறகே உறுதியானது. சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலனும் தக்காணத்தில் சோளத்தையே முதன்மை உணவாகக் கொண்ட உழைக்கும் மக்களிடம் இதே நோயை ஆராய்ந்தார். நியாசின் குறைந்தவருக்கு அது உயிர்காக்கும் மருந்து. நன்றாக உண்பவரின் நினைவாற்றலை அது கூட்டுவதில்லை.

இன்று நம்மிடையே அந்த இடத்தில் இருப்பது வைட்டமின் பி12. ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை மெத்தியோனினாக மாற்றும் நொதிக்கு அது தேவை. அந்த வினை தடைபட்டால் ஹோமோசிஸ்டீன் இரத்தத்தில் தேங்குகிறது. நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையைப் பேணும் வேதிவினைகளும் தளர்கின்றன. இரத்தசோகை தோன்றினால்தான் பி12 குறைவு என்று கருதும் பழக்கம் மருத்துவரிடையே இன்னும் உண்டு. இது ஆபத்தானது. ஜான் லிண்டன்பாம் குழு 1988இல் பி12 குறைவால் நரம்பு, மனநலப் பாதிப்புக்குள்ளான 141 பேரை ஆராய்ந்தது. அவர்களில் 40 பேருக்கு இரத்தசோகையும் இல்லை, சிவப்பணுக்கள் அளவில் பெரிதாகவும் இல்லை. இரத்தசோகைக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் இரத்தம் தேறிவிடும், நரம்புச் சிதைவோ தொடரும்.

ஆக்ஸ்ஃபோர்டில் டேவிட் ஸ்மித் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வு என் வாதத்துக்கு வலுவான ஆதாரம். லேசான நினைவுக் குறைபாடு கொண்ட, 70 வயது கடந்தவர்களுக்கு ஃபோலிக் அமிலம், பி6, பி12 மூன்றும் 2 ஆண்டுகள் தரப்பட்டன. மூளைச் சுருக்கம் வைட்டமின் பெறாதவர்களிடம் ஆண்டுக்கு 1.08 சதவீதமாகவும் பெற்றவர்களிடம் 0.76 சதவீதமாகவும் இருந்தது. ஹோமோசிஸ்டீன் மிகுந்திருந்தவர்களிடம் இந்த வேகம் பாதியளவு தணிந்தது.

எதிர்வாதமும் உண்டு. 2014இல் 11 சோதனைகளை, ஏறத்தாழ 22,000 பேரின் தரவுகளைத் தொகுத்த ஆய்வு, பி வைட்டமின்களால் அறிவாற்றல் முதுமை தாமதப்படவில்லை என்றது. எண்ணிக்கை பெரிது, ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அவற்றில் பல, இதயநோய் தடுப்புக்காகத் தொடங்கப்பட்டவை. பங்கேற்றோரில் பெரும்பாலோர் குறைபாட்டின் அடிப்படையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். மாத்திரை பெறாதவர்களின் நினைவே அந்தக் காலத்தில் பெரிதாகச் சரியவில்லை என்றால், சரிவைத் தடுத்ததா என்று அளக்க வழியில்லை.

அந்த வெளிநாட்டுச் சோதனைகளின் முடிவை இந்தியாவுக்கு அப்படியே பொருத்துவது இன்னும் பிழை. புணேயில் யாஜ்னிக் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில் நடுவயது ஆண்களில் 67 சதவீதத்தினருக்கு பி12 குறைவாக இருந்தது. 58 சதவீதத்தினருக்கு ஹோமோசிஸ்டீன் மிகுந்திருந்தது. தாவர உணவில் பி12 இல்லை; பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி வழியாகவே அது வருகிறது. பாலும் தயிரும் வாங்க வசதியற்ற சைவ உணவினர் முதலில் பாதிக்கப்படுகிறார்கள். அசைவம் உண்பவரும் தப்புவதில்லை: முதுமையில் இரைப்பை அமிலம் குறைவதால் உணவிலுள்ள பி12 பிரிந்து உடலில் சேர்வது தடைபடுகிறது. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினையும் அமிலம் குறைக்கும் மாத்திரைகளையும் நெடுநாள் எடுத்துக்கொண்டால் குறை கூடுகிறது.

மறதிநோய் அனைத்தும் பி12 ஊசியால் தீரும் என்று நான் சொல்லவில்லை. நிலைபெற்ற அல்சைமர் நோயை அது திருப்பாது. நினைவாற்றலுக்கென்று விற்கப்படும் சத்து மாத்திரைகளைக் குறையற்றவர் வாங்குவது பணவிரயம். லான்செட் ஆணையம் 2024இல் பட்டியலிட்ட 14 ஆபத்துக் காரணிகளில் உணவு தனியாக இல்லை; இரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, உடல்பருமன் ஆகியவற்றின் வழியாகவே அதன் பங்கு பெரும்பாலும் வெளிப்படுகிறது. அவற்றைக் கட்டுப்படுத்துவது அனைவருக்கும் உரியது.

ஆனால் மறதி என்று மருத்துவரிடம் வரும் எந்த முதியவரையும் பி12 அளவைப் பாராமல் 'வயதாகிவிட்டது' என்று திருப்பியனுப்புவது மருத்துவக் குற்றம். அளவு எல்லையில் இருந்தால் ஹோமோசிஸ்டீனையோ மெத்தில்மலோனிக் அமிலத்தையோ அளந்து உறுதிசெய்ய வேண்டும். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரை நோயாளிகளுக்கு மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுசேர்க்கிறது. பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் பெறும் முதியோருக்கு ஆண்டுக்கு ஒருமுறை பி12 பரிசோதனையை அத்திட்டத்தில் அரசு கட்டாயமாக்க வேண்டும்.