குறுவட்டுக் கருவியின் லேசரும் ருபீடிய அணுவும்

1962 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி நகரில், ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஹாலின் குழு முதல் குறைகடத்தி லேசரை ஒளிரச் செய்தது. அந்தக் காலியம் ஆர்சனைடுத் துண்டு 77 கெல்வினில், திரவ நைட்ரஜனுக்குள், துடிப்பு மின்னோட்டத்தில் மட்டுமே இயங்கியது. அறை வெப்பநிலையில் இடைவிடாது ஒளிரும் டயோடுக்கு எட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1970இல் லெனின்கிராடில் ஆல்ஃபெரோவும், பெல் ஆய்வகத்தில் ஹயாஷியும் பானிஷும் அதைச் சாதித்தனர்.

ஆயினும் வெப்பம் டயோடை விட்டு அகலவில்லை. வெப்பநிலை உயர்ந்தால் குறைகடத்தியின் ஆற்றல் இடைவெளி சுருங்கும், அலைநீளம் நீளும். 780 நானோமீட்டர் டயோடில் இது பாகைக்கு ஏறத்தாழ 0.25 நானோமீட்டர். இந்த நகர்வு சீரானதன்று என்பதே சிக்கல். டயோடின் இரு முனைகளுக்கிடையே எதிரொலித்து நிற்கும் அலை, பாகைக்கு 0.06 நானோமீட்டர் அளவே மெல்ல நகரும். பிறகு திடீரென அடுத்த அலைக்குத் தாவும். தாவலின் நீளம் ஏறத்தாழ 0.3 நானோமீட்டர். மின்னோட்டமும் சும்மா இருப்பதில்லை: அது டயோடைச் சூடாக்குகிறது, ஒளிவிலகல் எண்ணையும் மாற்றுகிறது.

1982இல் குறுவட்டுக் கருவி சந்தைக்கு வந்தபின் 780 நானோமீட்டர் டயோடுகள் பெருமளவில் உற்பத்தியாயின. பாட்டுக் கேட்பவருக்கு அலைநீளம் ஓரிரு நானோமீட்டர் பிசகினாலும் கவலையில்லை. ஆனால் ருபீடிய அணு உறிஞ்சும் ஒளியும் 780 நானோமீட்டரே (நுட்பமாகச் சொன்னால் 780.24). இயற்கை எவருக்கும் திட்டமிட்டுத் தந்த வசதி அல்ல இது. அதுவரை இத்துறைக்கு விலையுயர்ந்த சாய லேசர்களே தேவைப்பட்டன. அவற்றை வாங்க வசதியுள்ள ஆய்வகங்களே அணுக்களைத் தொட முடிந்தது.

கொலராடோவின் போல்டர் நகரில் கார்ல் வீமன் மலிவான டயோடுகளைப் பழக்கினார். 1991இல் ஹால்பெர்குடன் அவர் எழுதிய கட்டுரையும், மறு ஆண்டு மாக்ஆடம், ஸ்டைன்பாக் ஆகியோருடன் வெளியிட்ட கட்டுமான விளக்கமும் கல்லூரிப் பட்டறைகளின் கைநூல்களாயின. ஒளியின் ஒரு பகுதியைக் கீற்றணி வழியே டயோடுக்கே திருப்பி அனுப்புதல், பெல்டியர் தகட்டால் வெப்பநிலையைப் பிடித்து வைத்தல், இரைச்சலற்ற மின்னோட்டம் தருதல்: சேர்மானங்கள் இவ்வளவே.

கணக்கோ கடுமையானது. ருபீடியக் கோட்டின் இயல்பகலம் 6 மெகாஹெர்ட்ஸ். கீற்றணியின்றி நிற்கும் டயோடு 0.0002 பாகை மாறினாலே அந்த அகலம் முழுவதையும் கடந்துவிடும். மின்னோட்டத்தில் இரண்டு மைக்ரோஆம்பியர் பிசகும் அதே கேட்டைச் செய்யும். டயோடு பிறவியிலேயே 784 நானோமீட்டரில் இருந்தால் அதைப் பதினாறு பாகை குளிர்விக்க வேண்டும்; காற்றில் ஈரம் இருந்தால் அதன் சன்னலில் பனி படியும். அத்தனை பாடுபட்டும் தேவையான அலைநீளம் ஒரு தாவலின் இடைவெளிக்குள் விழுந்தால், வேறு டயோடைத் தேட வேண்டியதுதான்.

1995 ஜூனில் வீமனும் கார்னெலும் இத்தகைய டயோடு லேசர்களால் குளிர்வித்த ருபீடிய வாயுவிலிருந்தே, ஒரு கெல்வினின் கோடியில் இரண்டு பங்குக்கும் குறைவான வெப்பநிலையில், போஸ்-ஐன்ஸ்டைன் செறிபொருளை உருவாக்கினர். கல்கத்தாவில் பயின்ற போஸ் 1924இல் டாக்காவிலிருந்து ஐன்ஸ்டைனுக்கு அனுப்பிய கட்டுரையில் தொடங்கிய கணக்கு அது.

இன்று வீட்டில் ஹோலோகிராம் எடுக்கும் ஆர்வலரும் சிவப்பு டயோடை ஏற்றியவுடன் படமெடுப்பதில்லை. பத்து நிமிடம் அதைச் சூடேற விட்டு, மின்னோட்டத்தைத் தொடாமல் காத்திருக்கிறார். ஒளிப்பதிவின் நடுவே ஒரு தாவல் நேர்ந்தால் தட்டு வெறுமையாகிவிடும்.